ஜன்னலுக்கு மேலே நீலம்

படுக்கையறையில் பூஞ்சை பிடித்ததற்கு நான்தான் காரணமாம். வீட்டுக்காரரின் ஏஜென்ட் லேர்ட் ஒவ்வொரு குளிர்காலமும் இதையே சொல்வார். "வீட்டுக்குள்ள துணி காயப் போடுறீங்க மிஸஸ் கெர், அந்த ஈரம்தான்." கிளாஸ்கோ மழையில் வேறு எங்கே போய்க் காயப் போடுவதாம்?

இந்த முறை நூலகத்திலிருந்து, புத்தகம் எடுப்பதுபோலவே, வெப்பப்படக் கேமரா ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தேன்; சூடான இடத்தை மஞ்சளாகவும் குளிர்ந்த இடத்தை நீலமாகவும் காட்டும். காலையிலிருந்தே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. லேர்ட் வந்து உட்கார்ந்து பழைய பாட்டையே பாடி முடிக்கும்வரை பொறுத்திருந்து, கேமராவைப் படுக்கையறை முழுக்கக் காட்டினேன். திரையில் எல்லாம் மஞ்சள். ஜன்னலுக்கு மேல் மூலை மட்டும் கருநீலம்.

"அந்த மூலையில கூரைக்குள்ள குளிரைத் தடுக்கிற பஞ்சே வைக்கல. நான் காசு கட்டுற சூடு பூரா அது வழியாத்தான் போகுது, அந்தக் குளிர்லதான் பூஞ்சையும் பிடிக்குது."

"ஈரத்துணி இருந்தா நீலமாத்தான் தெரியும்," என்றார்.

குளிருக்குப் பயந்து மனுஷன் வந்ததிலிருந்து கோட்டைக் கழற்றவே இல்லை. கேமராவை அவர் முகத்துக்குத் திருப்பினேன். கன்னமெல்லாம் மஞ்சள், மூக்கு மட்டும் அதே கருநீலம். திரையை அவரிடமே நீட்டினேன்.

"உங்க மூக்குலயும் நான்தான் துணி காயப் போட்டேனா?"