திரும்பாத கழுத்து

சுதந்திர அணிவகுப்பு ஒத்திகையில் நான் மறுபடியும் மயங்கி விழுந்தேன். எங்கள் தொண்டர் படை கொடிமேடையைக் கடக்கும்போது ‘ஐஸ் ரைட்’ என்று கட்டளை வரும். எல்லோரும் தலையை வலப்பக்கம் திருப்பிக் கொடியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். நான் மட்டும் திருப்பிய மறுகணம் கண் இருட்டி, வெட்டிய வாழையாகச் சாய்ந்துவிடுவேன்.

படைத் தலைவர் கலியாணசுந்தரம் என் வாயை முகர்ந்து பார்த்தார். ஐம்பது வயதுவரை கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத என்னை! காஜா பெராங்கில் எங்கள் தெருவே அதற்குள் என்னை ‘மாபோக்’ ஆக்கிவிட்டது. மலாய் மொழியில் குடித்துத் தள்ளாடுகிறவனை அப்படித்தான் சொல்வார்கள். இனி விழுந்தால் அணியில் இடமில்லை என்றார் தலைவர். நம் கொடி ஏறும் நாளில் அதைப் பார்த்து ஒரு மரியாதை செய்ய வேண்டும், எனக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான். அதற்கும் வந்ததே வினை.

ரத்தக் கொதிப்புதான் என்று என் மனைவி கமலவேணி தீர்மானித்து, சாப்பாட்டில் உப்பை நிறுத்தினாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்? பாதிச் சோற்றில் எழுந்து எழுந்து இளைத்தேன். முதலிலிருந்தே என் சீருடைக் காலர் விறைப்பாக நிற்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். இளைத்த கழுத்தில் அது தொளதொளக்க, மிச்சத் துணியை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டத் தைத்தாள். கெட்டிக் கஞ்சியும் போட்டாள்.

டாக்டர் ஜெயபாலனிடம் போகும்போதெல்லாம் அவர் சட்டையைக் கழற்றச் சொல்வார். படுக்கவைத்து அளப்பார், நிற்கவைத்து அளப்பார். ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்பார். ஒன்றுமில்லாமலா ஒருவன் ஊர் சிரிக்க விழுவான்? எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

அணிவகுப்புக்கு முந்தின நாள் சீருடையோடு கிளினிக்கில் நுழைந்து சண்டை பிடித்தேன். பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். திரும்பினேன், அவ்வளவுதான். கண் விழித்தபோது டாக்டர் என் காலர் கொக்கியைக் கழற்றிவிட்டு, கழுத்தில் பதிந்திருந்த தடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொண்டைக்கு ரெண்டு பக்கமும் நாடி துடிக்குதே, அங்க ஒரு காவல் இருக்கு. ரத்த அழுத்தம் ஏறினா இதயத்தை மெதுவாப் போகச் சொல்லும், இறங்கினா வேகமாப் போகச் சொல்லும். நீங்க திரும்புறப்ப காலர் அந்த இடத்தை அமுக்குது. அழுத்தம் ஏறிடுச்சுன்னு அது ஏமாந்துபோயி இதயத்தை அடக்கிடுது. தலைக்கு ரத்தம் போகல, விழுறீங்க. நான் ஒவ்வொரு தடவையும் சட்டையைக் கழற்றச் சொல்லி, நோயை நானே ஒளிச்சு வச்சிருக்கேன்.”

எல்லோருக்கும் இப்படி ஆகாதாம். வயதாக ஆகச் சிலருக்கு அந்தக் காவல் தொட்டாற்சிணுங்கியாகிவிடுமாம். அது என் கழுத்துக்குத்தான் வாய்க்க வேண்டுமா?

வீட்டில் சொன்னதும் கமலவேணி காலரைத் தளர்த்த முடியுமா என்று தையலைப் புரட்டிப் பார்த்தாள். வெட்டி எறிந்த துணிக்கு எங்கே போவது? காலையில் கொக்கியை மாட்டாமலே திடலுக்குப் போனேன். தலைவர் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. டாக்டர் சொன்னதை நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“காலர் ஆளைத் தள்ளுமா லா? கொக்கியப் போடுங்க, இல்லன்னா வீட்டுக்குப் போங்க” என்றார் தலைவர்.

போட்டேன். வேறு என்ன செய்ய? மேடை நெருங்கியது, கட்டளை வந்தது, எல்லாத் தலைகளும் திரும்பின. நான் மட்டும் முன்னால் போனவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். என் வலப்பக்கம் கொடி படபடக்கும் சத்தம் கேட்டது. விழவில்லை. ஆனால் ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் கமலவேணியைத் தேடிப் பிடித்தேன். மேடைக்கு எதிரிலேயே, முன்வரிசையில் நின்றிருந்தாள். கொடி எப்படி இருந்தது, நீயாவது சொல் என்றேன்.

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்க விழுந்துடுவீங்களோன்னு உங்க கழுத்தையேதானே பார்த்துக்கிட்டு நின்னேன்” என்றாள்.