ஒடெஸாவின் கைப்பக்குவம்

ஓவன் கதவைத் திறந்து, தட்டை மூடியிருந்த ஃபாயிலின் ஓரத்தைத் தூக்கி, ஒடெஸா ஒரு நார் கறியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அது மூன்றாவது முறை.

“அக்கா, திறக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ஆவியெல்லாம் வெளிய போயிடும்” என்றாள் தம்பி மனைவி வெர்னா.

“ஒரு வாய்க்கா இவ்வளவு பேசுறே? உள்ள கிடக்கிறவன் என் தம்பி. எனக்கு இந்த வீட்டுல உரிமை இல்லையா?” என்று விரலை நக்கினாள் ஒடெஸா.

உரிமைக்கு என்ன குறைச்சல். எதிர்வீட்டிலிருந்து தினமும் வந்து உரிமையோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறவள்தான். உள்ளே ஹாலிஸை ஒருநாளும் துடைத்துவிட்டதில்லை, புரட்டிப் போட்டதில்லை. அதெல்லாம் பதினான்கு மாதமாக வெர்னாவின் வேலை.

இன்றைய பொழுதைத் தாண்டுவது கடினம் என்று காலையிலேயே நர்ஸ் சொல்லிவிட்டாள். சேதி பரவி, ஹாலிஸோடு தீயணைப்பு நிலையத்தின் பின்புறம் இருபது வருஷம் கரித்தணலில் முழுப்பன்றி சுட்ட ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். வட கரோலினாவின் இந்தக் கிழக்குப் பக்கத்தில் சாகக் கிடப்பவனைப் பார்க்க வருகிறவனையும் வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார்கள். சனிக்கிழமை சுட்டுப் பிய்த்த பன்றிக்கறியை அவர்களில் ஒருவனான ட்வைட் இரண்டு பெரிய தட்டுகளில் கொண்டுவந்து வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமையான இன்று அதைச் சூடுபண்ணிப் பரிமாறுவது வெர்னாவின் தலையில் விழுந்தது.

கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை, மூடாமல் ஓவனில் வைத்து, விருந்துக்கு வந்தவர்களுக்குக் காய்ந்த சக்கையைப் போட்டுவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனி. “எங்க வீட்டுல பன்னி ரெண்டு தடவை சாகும். ஒண்ணு கத்தியில, இன்னொண்ணு இவ கையில” என்று முப்பத்தொரு வருஷமாக வந்தவன் போனவனிடமெல்லாம் ஹாலிஸ் சொல்லிவந்தான். சிரித்தவர்களில் ஒடெஸாவின் சிரிப்புதான் எப்போதும் கடைசியாக ஓயும்.

அதற்குப் பிறகு அவள் நன்றாகவே பழகிக்கொண்டாள். சுட்டபோது வடிந்த சாற்றைத் தனியே எடுத்துவைத்து, பாதியைக் கறியின்மேல் ஊற்றி, மிளகாய் போட்ட வினிகரை ஒரு கை தெளித்து, ஃபாயிலை இரட்டையாக மடித்து இறுக்க வேண்டும். இருநூற்றைம்பது ஃபாரன்ஹீட்டுக்குமேல் சூடு போகக் கூடாது. வெளியே எடுத்ததும் மீதிச் சாறு. அவ்வளவுதான். ஆனால் அவள் சூடுபண்ணியது என்று தெரிந்தால் ஹாலிஸ் தொடவே மாட்டான். நல்லாயிருக்கு என்று ஒரே ஒருமுறை அவன் வாயால் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை, வெட்கங்கெட்ட ஆசை, இன்னும் அவளுக்கு இருந்தது. அதற்கு இன்றைக்கு விட்டால் நாள் கிடையாது.

முதல் தட்டு கூடத்துக்குப் போனதும் ஒரு கிண்ணத்தில் சாற்றை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

“தண்ணிக்குப் பதிலா பஞ்சை இதுல நனைச்சு வைக்கலாமா சிஸ்டர்?”

“தாராளமா. முழுங்க முடியாது. நாக்குல பட்டாலே போதும்” என்றாள் நர்ஸ்.

குச்சியில் கட்டிய பஞ்சை நனைத்து அவன் உதட்டில் வைத்தாள். ஹாலிஸ் சப்பினான். கண் மூடியது. மறுபடி வாயைத் திறந்தான். மூன்று முறை கொடுத்தாள்.

“யாரு... சூடு பண்ணது?”

“நான்தான், ஹாலிஸ்.”

“போடி. நீ பண்ணா... இப்படி இருக்காது. அக்காவக் கூப்பிடு.”

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒடெஸா அறை வாசற்படியில் தட்டோடு நின்றாள். பின்னால் ட்வைட்டும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள்.

“அக்கா, நீதானே? அம்மா பண்ணது மாதிரியே... நல்லாயிருக்கு.”

ஒடெஸா வெர்னாவைப் பார்த்தாள். வெர்னாவும் அவளைப் பார்த்தபடியே நின்றாள்.

“ஆமாடா ராசா. நான்தான் பண்ணேன்” என்றாள் ஒடெஸா.

“நீ இல்லேன்னா... சாகிற அன்னிக்கும் சக்கையத்தான் தின்னிருப்பேன்.”

வாசற்படியில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். சாகிறவனின் நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது அல்லவா. ஹாலிஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நர்ஸ் அவன் மணிக்கட்டை விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். வெர்னா கட்டிலின் கால்மாட்டில் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

அழுது முடித்த ஒடெஸா நடையில் அவளை மடக்கினாள். “மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே. போற உயிரோட வழக்காடவா முடியும்? ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னேன். உனக்கென்ன குறைஞ்சுபோச்சு?”

“ஒண்ணும் குறையல அக்கா.”

அடுக்களைக்கு வந்தாள். முதல் தட்டு வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. கின்ஸ்டனிலிருந்து உறவுக்காரர்கள் வேறு வந்துகொண்டிருந்தார்கள். வெர்னா இரண்டாவது தட்டை எடுத்தாள். ஃபாயிலை உருவிச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். ஜாடியில் மிச்சமிருந்த சாற்றைத் தொட்டியில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டாள். ஓவனை நானூற்றைம்பதுக்குத் திருகினாள். கூடத்து மேஜைமேல் இருந்த வினிகர் பாட்டில்களை ஒன்றுவிடாமல் எடுத்துவந்து அலமாரியில் வைத்து மூடினாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, கறியின் விளிம்புகள் கறுத்துச் சுருள்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. உறவுக்காரர்கள் வந்து தோளைத் தட்டி, பாவம், இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஹாலிஸை ஏற்றிக்கொண்டு வண்டி போனபிறகு, பாதிரியார் ஜெபம் சொல்ல, எல்லாரும் காகிதத் தட்டோடு உட்கார்ந்தார்கள். வெர்னாவே ஒவ்வொருவருக்கும் குவித்துப் போட்டாள்.

“ஒடெஸா அக்கா பண்ணது. அவர் கடைசியா பேசினதே இதைப் பத்திதான். நீயே கேட்டியே, ட்வைட்?”

ட்வைட் தலையை மட்டும் ஆட்டினான். வாய் நிறைய இருந்தது, உள்ளே இறங்கவில்லை. சாவு வீட்டில் போட்டதை யாரும் மீதி வைப்பதில்லை. பாதிரியார் மூன்றாவது கிளாஸ் டீயோடு கறியை விழுங்கினார்.

“வினிகர் இருக்கா, வெர்னா?”

“தீந்துபோச்சு ஃபாதர்.”

“நல்லாயிருக்கு, ஒடெஸா” என்றார் பாதிரியார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். யாரும் ஒடெஸாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்தாள். நான் பண்ணவில்லை என்று இனிச் சொல்ல முடியாது, அவள் ஆமாம் என்றதைப் படுக்கையறை வாசலில் நின்று கேட்ட நாலைந்து பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வெர்னா தட்டில் மிச்சமிருந்ததை முழுக்க அவளுக்குப் போட்டாள்.

“சாப்பிடுங்க அக்கா.”

ஒடெஸா மென்றாள். வெர்னா அவள் எதிரே உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். காகிதத் தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவே இல்லை.