தொண்ணூற்றேழாம் பக்கம்

என் மனைவி அச்சகத்தில் பிழை திருத்துபவள். அவள் எழுதிய ஒரே புத்தகம் குழந்தைகளுக்கானது. பேசும் மிருகங்களின் நாட்டில் எல்லாருக்காகவும் ஒரு கழுதை உயிரைக் கொடுக்கிறது. தொண்ணூற்றாறாம் பக்கத்தில் அதைப் புதைத்துவிட்டு மற்றவை வீடு திரும்புகின்றன. அத்தோடு கதை முடிகிறது.

அவளை அடக்கம் செய்த மூன்றாம் வாரம் போதகர் வந்தார். ஞாயிறு பள்ளி அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டாராம்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. உயிர்த்தெழாத கழுதைய வச்சுக்கிட்டு பிள்ளைங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"கதைதானே ஐயா."

"சிலுவை வரைக்கும் கூட்டிட்டு வந்து நடுத்தெருவுல விட்ட கதை. ஆஸ்பத்திரியில நான் ஜெபம் பண்ணப்பல்லாம் அக்கா கண்ண மூடல. கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தேன். அவள் நம்பிக்கை இழந்துதான் போனாளோ? அப்படியென்றால், சபையார் சொல்கிறபடி, மறுமையிலும் நாங்கள் சந்திக்கப் போவதில்லை. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

அவளுடைய கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தேன். கடைசித் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. அச்சகக்காரன் மேல் சந்தேகம் வந்தது. நேரே போனேன்.

"கடைசிப் பக்கத்த என்னடா பண்ணே?"

"ஒரு பாரத்துக்கு, அதாவது மெஷின்ல ஓடுற ஒரு பெரிய தாளுக்கு, பதினாறு பக்கம்ணே. ஆறு பாரம் போக ஒரு பக்கம் வழிஞ்சு நின்னுச்சு."

"அதனால வெட்டிட்டே."

"என் தலையில கட்டாதீங்க! எழுத்தைச் சின்னதாக்கினா அடங்கிடும்னு சொன்னேன். அக்காதான் வேணாம்னாங்க. 'இது நான் பாக்காதது. பாத்தத மட்டும் போடு'ன்னு தாளையும் கிழிச்சு என்கிட்டயே குடுத்துட்டாங்க."

மேசை இழுப்பறையைக் குடைந்து, பிழை பார்க்க எடுத்திருந்த அந்தப் பக்கத்தின் அச்சுப்படியை எடுத்துக் கொடுத்தான். அதில், மூன்றாம் நாள் காலையில் கழுதையின் கல்லறை வாசலில் குளம்புச் சத்தம் கேட்கிறது. அவளுடைய பென்சில் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருந்தது. தூக்கிப்போடுகிற பக்கத்துக்கு யார் பிழை திருத்துவார்கள்? தொழில் பழக்கமாகவும் இருக்கலாம்.

போதகரிடம் காட்டினால் புத்தகம் அலமாரிக்குத் திரும்பிவிடும். காட்டவில்லை. பார்க்காததைப் போடமாட்டேன் என்றவள் ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பாள்?

அடுத்த ஞாயிறு ஜெபத்தில் நானும் கண்ணை மூடவில்லை. எல்லாரும் தலைகுனிந்திருந்தார்கள். போதகர் மட்டும், வாய் ஜெபிக்க, கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.