அட்மிரல் கார்ஸ்லேக் சுடாத குண்டுகள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. இங்கிலாந்துக் கடற்கரை ஊரான சவுத்சீயில் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெனலப்பியிடம் ஏணி இரவல் கேட்கப் போயிருந்தேன். அவள் வீட்டு மாடிப்படிச் சுவரில் ஒரு பழைய போர்க்கப்பலின் புகைப்படம் தொங்கியது. அவ்வளவு பளபளக்கும் கப்பலை நான் பார்த்ததில்லை.

"எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா கப்பல். அதுல முகம் பாத்துச் சவரமே பண்ணிக்கலாமாம்," என்றாள். "பெயிண்ட்ல கரி படியும்னு பயிற்சிக் குண்டையெல்லாம் சுடாமலே கடல்ல போட்டுட்டாராம் மனுஷன்!"

இருவரும் சிரித்தோம். ஏணியைத் தூக்கிக்கொண்டு பாதி வழி வருவதற்குள் என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் குண்டுகள் இன்னும் அங்கேதானே கிடக்கும் என்று தோன்றியது. அப்புறம் மரவட்டை மாதிரி அந்த நினைப்பு மெதுவாக ஊர்ந்து உள்ளே வந்துவிட்டது.

(கார்ஸ்லேக் என்பது நான் வைத்த பெயர். உண்மைப் பெயரைப் போட்டால் அடுத்த முறை ஏணி கிடைக்காது.)

2

முதல் தொடக்கம்: 'விக்டோரியா மகாராணியின் கடற்படை ஏழு கடல்களையும் தன்—'

வேண்டாம். பள்ளிக்கூடப் பாடம் போல இருக்கிறது.

இரண்டாவது: 'மால்ட்டாவில் அன்று கடல்—' கடலுக்கு உவமை தேடியே ஒரு மத்தியானம் வீணாகப் போயிற்று. கடல் கடலாகவே இருக்கட்டும்.

மூன்றாவது தப்பித்துவிட்டது. இதோ:

எட்வின் கார்ஸ்லேக் 'எலெனோரா' கப்பலில் காப்டனுக்கு அடுத்த கமாண்டர். கப்பலின் அழகு அவர் பொறுப்பு. அரசாங்கம் தரும் பெயிண்ட் எந்த மூலைக்கும் காணாது என்பதால் மீதியைத் தன் கைக்காசில் வாங்கினார். அதற்காக மனைவி அகஸ்டாவின் பியானோ ஒருநாள் வீட்டைவிட்டுப் போயிற்று. எல்லாக் கமாண்டர்களும் அப்படித்தான் செய்தார்கள். பளபளப்பைப் பார்த்துத்தான் மேலே தூக்கிவிடுவார்கள்.*

* தண்ணீர் புகாத இரும்புக் கதவுகளை மெருகேற்றுகிறேன் என்று தேய்த்துத் தேய்த்துத் தண்ணீர் புகும் கதவுகளாக்கியவர்களும் உண்டு. அதைத் தனிக் கதையாக எழுத நினைத்தேன். ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

பீரங்கிகளுக்குப் பொறுப்பான லெப்டினன்ட் வின்யார்ட், இளைஞர், தளத்தில் அவரை வந்து பார்த்தார்.

"சார், இந்தக் காலாண்டுப் பயிற்சிக் குண்டெல்லாம் அப்படியே கிடக்கு. நாளைக்குச் சுட்டுப் பாத்துடலாமா?"

"தாராளமா. கரியை யாரு தொடைப்பா, உங்க அம்மாவா?"

"பயிற்சி இல்லாம பசங்களுக்குக் கை வராது, சார்."

"வியாழக்கிழமை அட்மிரல் வராரு, வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு. குண்டு எங்க விழுந்துச்சுன்னு கேக்கவா போறாரு? விரல்ல என்ன ஒட்டுச்சுன்னு பாப்பாரு. அவ்வளவுதான்."

"அப்ப குண்டை என்ன சார் பண்றது?"

"மீனுக்குப் போடு."

போட்டார்கள். ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல். கார்ஸ்லேக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். குண்டு பச்சைத் தண்ணீரில் இறங்கி, நீலத்தில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை பார்த்தார். அன்று மத்தியானத் தூக்கத்திலும் அவை இறங்கிக்கொண்டே இருந்தன. தரை வரவில்லை.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்த மனிதரை எனக்குப் பிடிக்கிறதா?

ஒரு வாரம் பிடிக்கவில்லை. பியானோவை விற்ற ஆள். வெறும் மினுக்கு. அப்புறம் ஒரு காட்சி தானாக வந்தது. விடியலில், கப்பலில் யாரும் எழாத நேரம், கமாண்டர் வெறுங்காலோடு தளத்துக்கு வருகிறார். புதுப் பெயிண்ட் அடித்த சுவரில், காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில், உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பது போல. அதற்குப் பிறகு அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கப்பலை அவர் உண்மையாகவே நேசித்தார். தப்பான இடத்தில் நேசித்தார்.

வியாழக்கிழமை கையுறை வெள்ளையாகவே திரும்பிற்று. கார்ஸ்லேக் காப்டன் ஆனார்.

காப்டனுக்கு மேலே போக எந்தச் சாமர்த்தியமும் வேண்டாம். மேலே இருப்பவர்கள் சாகவோ ஓய்வுபெறவோ வேண்டும். ஓட்டக் கப்பல் கிடைக்காததால் அவர் அரைச்சம்பளத்தில் சவுத்சீ வீட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். காலையில் பொரித்த மீனோடு செய்தித்தாள் வரும்.

"இன்னிக்கு யாராச்சும் போனாங்களா?" என்பாள் அகஸ்டா.

"ஹார்ட்னல் போயிட்டான். பாவம், நல்ல மனுஷன்."

"அப்ப ஒரு படி ஏறியாச்சு. இன்னொரு ரொட்டி வைக்கட்டுமா?"

அப்படியே அட்மிரலும் ஆனார். ஆன கையோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மகாராணி போனார், அவர் மகனும் போனார். ஜன்னலுக்கு வெளியே கப்பல்கள் சாம்பல் நிறத்துக்கு மாறின. மத்தியானத் தூக்கத்தில் குண்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன.

4

1914-ஆம் வருஷம் ஜெர்மனியோடு யுத்தம் வந்தது. எதிரி நீர்மூழ்கிகள் வராமல் காவல் பார்க்கப் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளின் முன்பக்கத்தில் ஒரு பீரங்கியை வைத்துக் கடலுக்கு அனுப்பினார்கள். ஓட்டுவதற்கு ஆள் போதவில்லை. கிழட்டு அட்மிரல்கள் பதவியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் காப்டன்களாக வரிசையில் நின்றார்கள். கார்ஸ்லேக்கும் நின்றார்.

"போயிட்டு வாங்க," என்றாள் அகஸ்டா. "இங்கயே இருந்தா ஜன்னல் கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சு ஓட்டை போட்டுடுவீங்க."

ஃபால்மத் துறைமுகத்தில் படகுகளைப் பிரித்துக் கொடுக்கும் அட்மிரலின் அறைக்குள் நுழைந்தார். மேசைக்குப் பின்னால் வின்யார்ட், தலை நரைத்துப்போய். இருவரும் ஒரே நேரத்தில் சல்யூட் அடித்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் "சார்" என்றார்கள்.

(முதல் பிரதியில் வின்யார்ட் பழிவாங்கினார். 'மீனுக்குப் போடு' என்று சொல்லிக் காட்டி, கிழவரை வாசலோடு அனுப்பி— அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அவ்வளவு சின்ன மனிதர் இல்லை அவர்.)

"உக்காருங்க, சார்."

"இப்ப நீங்கதான் சார்."

"பழக்கம் விடமாட்டேங்குது." வின்யார்ட் சிரிக்கவில்லை. "மாரிகோல்டுன்னு ஒரு படகு இருக்கு. அதுக்கு ஒரு காப்டனைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். ஆனா அதுல போறவங்கல்லாம் மீன்பிடிக்கிறவங்க, புள்ளகுட்டிக்காரங்க. நீர்மூழ்கி மேல வந்தா ஒரே ஒரு தடவைதான் சுட நேரம் இருக்கும்."

"தெரியும்."

"செவ்வாய்க்கிழமை இலக்கை இழுத்துட்டு வரச் சொல்றேன். நீங்க சுட்டுக் காட்டணும். நானும் கூட வருவேன். தேறினா படகு உங்களுது. தேறலைன்னா வீட்டுக்குப் போயிடுங்க, சார். நான் இன்னொரு தடவை கூப்பிடமாட்டேன்."

கார்ஸ்லேக் தலையசைத்தார். நாற்பது வருஷக் கடல் வாழ்க்கையில் தன் கப்பலின் பீரங்கியைப் பயிற்சிக்கு ஒருமுறைகூடச் சுடவிட்டதில்லை என்பது அந்த அறையில் இருவருக்கும் தெரியும்.

5

செவ்வாய்க்கிழமை. பனிமூட்டம் கடலையும் வானத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தது. மாரிகோல்டு நீரில் போகிறதா, தூக்கத்தில் போகிறதா என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. தூரத்தில் ஒரு இழுவைப் படகு. அதன் பின்னால் நீண்ட கயிறு. கயிற்றின் முனையில் மிதக்கும் வெள்ளைத்துணி இலக்கு. மூட்டத்தில் மறைந்து, தெரிந்து, மறைந்து போயிற்று.

பீரங்கியடியில் பாஸ்கோ என்ற மீனவர். "ரெடி, சார். நீங்க சொன்னாப் போதும்."

முடிவு ஒன்று: குண்டு இலக்கைக் கிழித்தது. எல்லாரும் தொப்பியை வீசினார்கள். எழுதியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு குண்டில் ஒரு ஆயுளைக் கழுவிவிட முடியுமா?

முடிவு இரண்டு: குண்டு இழுவைப் படகின் பக்கத்தில் விழுந்தது. கிழவர் மாலை ரயிலில் சவுத்சீ திரும்பினார். அகஸ்டா கதவைத் திறந்து தொப்பியை வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தை எழுதும்போது அழுதுவிட்டேன். அதனால் மட்டும் அது உண்மையாகிவிடாது.

முடிவு மூன்று: 'அவர் மெல்லத் திரும்பி, என்னால்—'

இதில்தான் நின்றுபோயிருக்கிறேன். அவர் திரும்பியது நிஜம். ஆனால் நான் எழுதிவைத்ததை அவர் சொல்லவில்லை.

"வின்யார்ட், அன்னிக்கு நீ கேட்டப்ப நான் சுட விட்டிருக்கணும்."

வின்யார்ட் மூட்டத்துக்குள் இலக்கைத் தேடினார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. "இலக்கு போயிட்டு இருக்கு, சார்," என்றார்.

கார்ஸ்லேக் முன்னால் திரும்பினார். பயமாக இருந்தது அவருக்கு. நாற்பது வருஷத்தில் இப்போதுதான் முதல் தடவையாகத் தான் ஒரு போர்க்கப்பலில் நிற்பதாகவும் இருந்தது. கையை உயர்த்தினார்.

உத்தரவுக்கு ஒரு சொல் போதும். அதை எந்த நொடியில் சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சீக்கிரம் சொன்னால் குண்டு முன்னால் விழும். தாமதித்தால் மூட்டம் மூடிக்கொள்ளும். நான் சொன்னால் அது என் முடிவாகிவிடும், அவரை ஏற்கெனவே இரண்டு தடவை தீர்த்துவிட்ட கை என்னுடையது. இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறேன்.

பீரங்கியைச் சுடும் கயிற்றைப் பிடித்தபடி பாஸ்கோ தலையைத் திருப்புகிறார். அந்த ஒரு சொல்லுக்காக உங்கள் வாயைப் பார்க்கிறார்.