துக்க வீட்டு அப்பம்

ஈஸ்டருக்கு முந்தைய பெசகா வியாழன். அந்தி மணி அடித்து ஓய்ந்துவிட்டது. ஏலம்மாவின் வீட்டுக்கு இன்னும் ஒரு துண்டு அப்பம் வந்து சேரவில்லை.

பெசகா ராத்திரி வீட்டுப் பெரியவர் ஜெபம் சொல்லி அப்பத்தை நறுக்கிக் கொடுப்பார். ஆனால் வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டில் அந்த அப்பம் அவிப்பதில்லை. அக்கம்பக்கத்தார்தான் அப்பமும் பாலும் கொண்டுவந்து கொடுப்பார்கள். மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள அந்தப் பங்கில் முப்பது வருஷமாக அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள் ஏலம்மா. எந்த வீட்டில் துக்கமோ அங்கே அவள் தூக்குப்பாத்திரம் முதலில் போய் நிற்கும். போன வருஷம் பங்கு அச்சன் பிரசங்கத்திலேயே சொன்னார், ஊழியம் செய்யும் மனசு எப்படியிருக்கும் என்று ஏலம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று. "நான் என்ன அச்சனே, வெறும் மண்ணு" என்று அவள் தலை குனிந்தாள். குனிந்த தலையை யார் யார் பார்த்தார்கள் என்பதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து அவள் கணவர் வர்க்கிச்சன் போய்ச் சேர்ந்தார். இந்த வருஷம் வாங்கும் முறை அவளுடையது. எப்படியும் பத்துப் பாத்திரம் வரும் என்று மேஜையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள். மகன் சன்னி ஜெபப் புத்தகத்தோடு நின்று நின்று கால் மாற்றினான்.

"யாராவது கொண்டுபோயிருப்பாங்கன்னு எல்லாரும் நெனச்சிருப்பாங்க அம்மச்சி" என்றாள் மருமகள் ஜின்சி. "உங்களுக்குக் கொடுக்க ஆளா இல்லைன்னு."

அதுதான் நடந்திருந்தது. ஏலம்மாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. வர்க்கிச்சன் இல்லாத முதல் பெசகாவே அப்பம் இல்லாமல் போகப்போகிறது.

அப்போது சமையற்கட்டுப் பின்கதவு தட்டப்பட்டது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் லீலாம்மா நின்றாள். அவள் பத்ரோஸின் விதவை, அதே பங்கில் ஞானஸ்நானம் பெற்ற புலையர் குடியிருப்புக்காரி. இருபது வருஷமாக அந்த வீட்டுக்கு அவளுக்குப் பின்கதவுதான் வழி. கையில் துணி மூடிய பாத்திரம்.

"யார் வீட்டுக்குடி போறே?"

"இங்கதான் சேச்சி. துக்க வீடாச்சே."

இவள் அவித்ததை வர்க்கிச்சன் மேஜையில் வைத்து நறுக்குவதா? ஏலம்மாவின் மனசு ஒரு நொடி பின்வாங்கியது. அதை மறைக்க எதையோ கேட்டுவைத்தாள்.

"இந்த வழக்கமெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாம என்ன? பத்ரோஸ் செத்த வருஷம் நானும் அடுப்பு மூட்டாம காத்திருந்தேனே" என்று லீலாம்மா சிரித்தாள். "நீங்க பாத்திரத்தோட எங்க வரப்புல வந்தீங்க. நம்ம வீட்டுக்குத்தான்னு பிள்ளைங்கள எழுப்பி நிறுத்தி, முன்கதவத் தொறந்து வச்சேன். நீங்க அப்படியே, அந்த வருஷமே சாவு விழுந்த குரியன் சார் வீட்டுக்குப் போயிட்டீங்க. கடைக்குட்டி ஒரே அழுகை."

ஏலம்மா அந்த வருஷத்தை நினைத்துப் பார்த்தாள். பத்ரோஸின் அடக்கத்துக்கு அவள் போயிருந்தாள், மலர்வளையம்கூட வைத்தாள். அந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அவள் நினைத்ததில்லை. நினைத்திருந்தாலாவது அது ஒரு பாவம், அச்சனிடம் முழங்காலிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த வீடு அவள் நினைப்பிலேயே வரவில்லை. திறந்திருந்த அந்தக் கதவு கண்ணில்கூடப் படவில்லை. முப்பது வருஷத்தில் இப்படி எத்தனை கதவுகளோ!

"அதெல்லாம் மனசுல வச்சுச் சொல்லல சேச்சி, நீங்க கேட்டீங்க, சொன்னேன்" என்றாள் லீலாம்மா.

"உள்ள வா, உட்காரு" என்று ஏலம்மா தடுமாறினாள். "எங்களோட இருந்து சாப்பிட்டுட்டுப் போ."

"பிள்ளைங்க காத்திட்டிருக்கு. நான் போய்த்தான் அங்க நறுக்கணும்."

"அப்ப இரு, வெறுங்கையோட போகாதே." ஏலம்மா வாழைக்குலையை நோக்கி ஓடினாள். ஒரு சீப்பு, இரண்டு சீப்பு என்று பிய்த்தாள். கொஞ்சம் அரிசி, பிள்ளைகளுக்குத் துணி, என்ன கொடுத்தால் இது தீரும் என்று அவள் கைகள் அலைந்தன.

"ஒண்ணும் வேண்டாம் சேச்சி" என்றாள் லீலாம்மா, வாசற்படியில் நின்றபடியே. "எப்பவும் கொடுத்துட்டே இருக்கீங்க. இன்னிக்கு வாங்கிக்கங்க, போதும்."

ஏலம்மா பழத்தைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். வாங்கிப் பழக்கமில்லாத அந்தக் கைகளில் லீலாம்மா பாத்திரத்தைச் சூட்டோடு வைத்தாள்.