மூன்றாவது அம்பு

நாத்தனாருக்கு எந்தக் கதவையும் மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் நகர முடியாது. அண்ணிக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அதனால்தான், நாத்தனார் எழுதிய பழைய கணினி நிரலில் மூன்று அம்புக்குறிகளை (>>>) பார்த்ததும் சிரித்தாள். பிழைப்புக்கே நிரல் எழுதுகிறவள் அண்ணி. அவள் எழுதும் கணினி மொழியில், எண்ணின் பிட்டுகளை, அதாவது ஒன்று-பூஜ்ய இலக்கங்களை, வலப்பக்கம் தள்ள இரண்டு அம்பு போதும். “இதுலயும் ஒண்ணு எக்ஸ்ட்ராவா” என்று ஒன்றைத் தூக்கிவிட்டாள்.

நாத்தனார் ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காகச் சேர்த்த ரத்த மாதிரிகள் ஓர் உறைபெட்டியில் இருக்கின்றன. அவை உருகினால் அவள் ஆராய்ச்சியும் போச்சு. பெட்டியில் கடுங்குளிர் இல்லாத நேரமெல்லாம் விடாமல் மணி அடிப்பது அந்த நிரலின் வேலை. பழைய கணினி படுத்துவிட்டதால், வேறு மொழியில் மாற்றித் தரும்படி அண்ணியிடம் கொடுத்திருந்தாள்.

அண்ணி புது நிரலோடு இணைத்த வெப்பமானியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சோதித்தாள். மணி கணீரென்று அடித்தது. மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியைப் பெட்டிக்குள் வைத்ததும் அடங்கியது.

“அதுக்குள்ள குளிர்ந்துடுச்சா?” என்றாள் நாத்தனார்.

“புது மெஷினாச்சே” என்று அண்ணி பெருமையோடு கிளம்பினாள்.

மத்தியானம் போன் வந்தது.

“அண்ணி, சாப்பிடப் போனவ, கதவை இழுத்துப் பாக்கலையேன்னு திரும்பி வந்தேன். பெட்டி திறந்து கிடக்கு. நல்லவேளை, எதுவும் உருகல. உங்க மணி வாயே திறக்கல.”

அண்ணி உடனே ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்தாள்.

வெப்பமானியிலிருந்து வந்த அளவு சரிதானா என்று பார்க்க, நிரல் அந்த எண்ணில் எத்தனை ஒன்றுகள் என்று எண்ணும். எண்ணை ஒவ்வோர் இடமாகத் தள்ளி, அது பூஜ்யமானதும் சுற்று முடியும். கழித்தல் எண்ணைத் தள்ளும்போது, இரண்டு அம்பு இடப்பக்கம் காலியான இடத்தை ஒன்றால் நிரப்பும். பூஜ்யம் வரவே வராது. பழைய மொழியின் மூன்று அம்பு அங்கே பூஜ்யத்தை வைக்கும். காலையில் மணி அடங்கியது கடுங்குளிரால் அல்ல. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி வந்த முதல் கழித்தல் எண்ணிலேயே நிரல் செக்குமாடாகச் சுற்ற ஆரம்பித்து, மணி அடிக்கும் வரிக்கு வராமலே போயிருந்தது.

புது மொழியில் மூன்று அம்பு கிடையாது. அதனால் தள்ளும்போது இடப்பக்கம் பூஜ்யமே நிரம்பும்படி, முன்பே எண்ணை முப்பத்திரண்டு பிட்டுகளோடு வெட்டினாள். இப்போது வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போன பிறகும் மணி வெகுநேரம் அடித்து, கடுங்குளிர் வந்த பிறகே ஓய்ந்தது.

“மூணாவது அம்பை நான்தான் எடுத்தேன். கதவை இழுக்கிற மாதிரி இதுவும் உன் வழக்கம்னு நெனச்சுட்டேன்” என்றாள்.

நாத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி.”

அது சுருக்கென்று தைத்தது. இருவரும் வெளியே வந்தார்கள். நாத்தனார் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படிக்கட்டில் அண்ணி நின்றாள்.

“நீ கதவை இழுத்துப் பாக்கல.”

“பரவாயில்ல, வாங்க.”

“போய்ப் பாத்துட்டு வா. மூணு தரமும். நான் இங்கயே நிக்கிறேன்.”