பத்துக் கோடுகள்

இரண்டாவது புரொஜெக்டரையும் அத்தான் திருப்பிக் கொண்டுவந்து என் கடை மேசைமேல் வைத்தார். அட்டைப்பெட்டி, தெர்மாகோல், ரிமோட், ஒன்றும் குறையவில்லை.

"வெளிச்சம் பத்தல மாப்ளே."

"போன தடவையும் அதான் சொன்னீங்க."

"போன தடவையும் பத்தல."

வீட்டிலேயே சினிமா பார்க்க நினைப்பவர்களுக்குப் புரொஜெக்டர் தேர்ந்தெடுத்துப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். பதினோரு வருடமாகச் செய்கிறேன். அக்கா வீட்டு அறைக்கு முதல் இயந்திரமே தாராளம். லென்ஸிலிருந்து திரைக்குப் பதின்மூன்று அடி. ஒரே ஜன்னல், அதற்கும் கனத்த கறுப்புத் துணி. இரண்டாவது இயந்திரம் முதலாவதைப்போல் ஒன்றரை மடங்கு வெளிச்சம். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே படம் பார்க்கலாம்.

"என்ன படம் பாத்தீங்க?"

"என்ன படமா இருந்தா என்ன? பாதிப் படம் இருட்டு. ரெண்டு பேரு பேசறான், எவன் பேசறான்னு தெரியல. ஒருத்தன் கத்தியோட வரான். குத்தினதுக்கு அப்புறம்தான் அவன் வந்ததே தெரியுது."

"இப்ப எல்லாரும் அப்படித்தான் எடுக்கறாங்க அத்தான்."

"லைட்டு வாடகைக்குக் கிடைக்கலயோ என்னவோ."

சிரித்தேன். இதே புகாரை வாரத்துக்கு நாலு பேர் சொல்கிறார்கள். அதனால் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். அத்தான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். முதல் ஷிப்ட். காலை நாலே முக்காலுக்கு ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்து, ஒன்பது இடங்களில் நிறுத்தி, நாற்பத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்குள் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார். அந்த நாற்பத்திரண்டு பேரில் என் அக்காவும் உண்டு. பேக்கிங் பிரிவில் வேலை.

சனிக்கிழமை மதியம் மூன்றாவது இயந்திரத்தைக் கொண்டுபோனேன். கடையிலிருந்ததிலேயே வெளிச்சம் கூடியது. கல்யாண மண்டபங்களுக்குத்தான் விற்பேன்.

"இதை இந்த ரூமுல மாட்டினா கண்ணு கூசும் அத்தான்."

"கூசட்டும்."

பழைய தாங்கி இதன் எடையைத் தாங்காது. கூரையில் புதிதாக நாலு துளை போட்டேன். அத்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அக்கா கதவருகே நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"கூரையைச் சல்லடையாக்கிட்டான். மழை பெய்ஞ்சா நீதான்டா வந்து பாத்திரம் ஏந்திட்டு நிக்கணும். ஏங்க, பாத்து, பெட்டியை நடுவுல வச்சிருக்கான், உங்களுக்கு இடது பக்கம். ஒயரு வேற கிடக்கு ஏணிக்குக் கீழே. சொந்தக் கடைன்னா இப்படித்தான் பரப்பி வைப்பானாக்கும்."

அக்காவுக்கு வாய் ஓயாது. என்னைத்தான் குத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ரசமட்டம் வைத்தேன். குமிழ் நடுவில் நின்றது. அக்கா டீ போட உள்ளே போனாள். இறங்கிவந்து கறுப்புத் துணியை இழுத்துவிட்டேன்.

அறை இருண்டது. துணியின் ஓரங்களில் கொஞ்சம் பகல் கசிந்தது. நாற்காலி எங்கே, பெட்டி எங்கே என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. அத்தான் சுவரில் கை வைத்தார். சுவரைத் தடவியபடியே நாலு எட்டு நடந்தார். பெட்டியில் இடித்துக்கொண்டார்.

"எவன்டா வச்சான் இதை?"

"மத்தியானத்துலேந்து அங்கதான் இருக்கு."

காலைத் தேய்த்தார். நாற்காலியின் முதுகைக் கையால் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

கடைசியில் எல்லா வீட்டிலும் ஒரு சோதனை செய்வேன். கறுப்புப் படம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். கறுப்புத் திரையில் பன்னிரண்டு செங்குத்துக் கோடுகள். வலது ஓரக் கோடு சாம்பல் நிறம். இடது பக்கம் போகப்போக ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் கறுப்பு. கடைசி இரண்டும் யார் கண்ணுக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. பத்து தெரிந்தால் இருட்டுக் காட்சிகள் சரியாக இருக்கும். இதை நான் என் கண்ணை வைத்து முடிவு செய்வதில்லை. படம் பார்க்கப்போகிறவரை அவர் இடத்தில் உட்காரவைத்து எண்ணச் சொல்வேன். முதல் இரண்டு தடவையும் அத்தான் விடியக்காலை எழுந்திருக்கணும் என்று இந்தச் சோதனைக்கு உட்காரவில்லை.

"வலது பக்கத்திலிருந்து எண்ணுங்க அத்தான். எத்தனை தெரியுது?"

அவர் எண்ணினார். உதடு அசைந்தது.

"நாலு."

"நல்லாப் பாருங்க."

"நாலுதான். பாத்தியா, இதுவும் பத்தல."

நான் பார்த்தேன். பத்துக் கோடுகளும் இருந்தன. அக்கா டீயோடு வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"பத்து இருக்கேங்க," என்றாள். "நீங்க சரிஞ்சு உக்காந்திருக்கீங்க. நிமிர்ந்து பாருங்க."

அத்தான் நிமிர்ந்தார்.

"ஆமா. பத்துதான். இப்பத் தெரியுது."

ரிமோட் என் கையில் இருந்தது. எதற்காகச் செய்தேன் என்று அப்போது தெளிவாகத் தெரியாது. கறுப்பின் அளவைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். கோடுகள் ஒவ்வொன்றாக மூழ்கின. ஒன்பது, எட்டு, ஏழு. நாலில் நிறுத்தினேன்.

"இப்ப அத்தான்?"

"அதேதான். பத்து."

அவருக்கு எதுவும் மாறியிருக்கவில்லை.

அக்கா இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. திரையிலிருந்து வந்த கொஞ்ச வெளிச்சத்தில் அவள் கை நாற்காலி முதுகைப் பிடித்திருப்பது தெரிந்தது.

"நல்ல மிஷினு," என்றார் அத்தான். "இதையே வச்சுக்கலாம்."

அவருக்கு ஒரு படத்தைப் போட்டுவிட்டு, டீ கப்பைக் கொடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

"எவ்வளவு நாளா?"

"எது எவ்வளவு நாளா?"

"அக்கா."

அவள் குழாயை மூடினாள்.

"ஒன்றரை வருஷம். மொதல்ல ஷெட்டு தூணுல உரசினார். சைடு கண்ணாடி மட்டும் போச்சு. எவனோ கல்லால அடிச்சுட்டான்னு எழுதிக் கொடுத்துட்டார்."

"டாக்டர் பாக்கறதில்லையா? வருஷா வருஷம் பாப்பாங்களே."

"பாக்கறாங்க. பகல்ல, டியூப்லைட்டுக்குக் கீழே உக்காரவச்சு. எழுத்துப் பலகையில கடைசி வரி வரைக்கும் படிக்கறார். பகல்ல அவருக்கு ஒரு குறையும் இல்லடா. என் தலையில எத்தனை நரைன்னு எண்ணிச் சொல்வார்."

"அப்ப விடியக்காலையில?"

"நான் இருக்கேன்ல."

டிரைவருக்குப் பக்கத்தில் ஒற்றை சீட் ஒன்று உண்டு. அக்கா அதில்தான் உட்காருவாள். பஸ்ஸில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். தூங்கவிடமாட்டேங்கறா, ரேடியோவை யாராவது அணைங்கப்பா என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பார்களாம். அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"என்ன பேசுவே?"

"கண்ணுல படறதைத்தான். 'அந்த சைக்கிள்காரனைப் பாருங்க, லைட்டு இல்லாம இடது ஓரமாப் போறான், வீட்ல சொல்லிட்டு வந்தானோ என்னவோ.' 'லாரிக்காரன் பாதி ரோட்டை அடைச்சு நிறுத்தியிருக்கான், அவன் அப்பன் போட்ட ரோடு.' இப்படித்தான்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"இதைப் பத்தி அவர்கிட்டப் பேசினியா?"

"எதைப் பத்தி?"

"கண்ணு தெரியலங்கறதைப் பத்தி."

"ஒரு நாளும் இல்ல. நான் சொல்ல ஆரம்பிச்சேன். அவர் கேக்க ஆரம்பிச்சார். அவ்வளவுதான்."

உள்ளே படத்தில் யாரோ ஓடினார்கள். கதவு ஒன்று அறைந்து சாத்தப்பட்டது.

"திங்கக்கிழமையிலேந்து என்னைப் பகல் ஷிப்டுக்கு மாத்திட்டாங்க," என்றாள். "கெஞ்சிப் பாத்தேன். புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணாப் போயே ஆகணுமா, என்ன புதுசாக் கல்யாணம் ஆனவங்களான்னு சூப்பர்வைசர் கேக்கறான். என்னன்னு சொல்றது?"

சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கித் திருகினேன்.

"நீ கடையைப் பத்து மணிக்குத்தானே திறக்கறே."

"அக்கா, நாப்பத்திரண்டு பேரு."

"அதுல நானும் ஒருத்திடா. ஒன்றரை வருஷமா முன் சீட்டுல." கப்பைக் கவிழ்த்து வைத்தாள். "ஏழு மாசம். இருபது வருஷ சர்வீஸ் முடிஞ்சா கம்பெனிப் பணம் வரும், அவரே இறங்கிடுவார். இப்ப இறக்கிவிட்டா வெறுங்கையோட இறங்கணும். இறங்கிட்டு அந்த நாற்காலியிலேயே உக்காந்திருப்பார். எனக்கு அவரைத் தெரியும்."

"நான் அவர்கிட்டப் பேசறேன்."

"பேசு," என்றாள். "உன்னால முடிஞ்சா."

அறைக்குப் போனேன். ஒலியை ஏகத்துக்குக் கூட்டிவைத்திருந்தார். திரையில் ஒரு காடு, இரவு. ஒருவன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். எனக்குத் தெரிந்தான். அத்தான் திரையைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான்."

"வா மாப்ளே. திங்கக்கிழமை வரியாமே, உங்கக்கா சொன்னா."

நான் எதற்கும் சம்மதிக்கவில்லை.

"செக்யூரிட்டிகிட்டச் சொல்லிட்டேன். பஸ்ஸுல ஸ்பீக்கர் மாட்ட ஆளு வருதுன்னு. நாலரைக்கு ஷெட்டுக்கு வந்துடு. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாட்டி தூக்கம் வந்துடும் பாரு."

திரும்பாமலே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். அத்தான், சாவியைக் கொடுங்க, நீங்க ஓட்டக்கூடாது. அவ்வளவுதான். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை நாலரைக்கு ஷெட்டில் விளக்குகள் வெள்ளையாக எரிந்தன. அத்தான் சலவைச் சட்டையில் இருந்தார். டயர்களை உதைத்துப் பார்த்தார். செக்யூரிட்டி நீட்டிய பதிவேட்டில் பொடி எழுத்துகளைப் படித்துக் கையெழுத்துப் போட்டார். "அஞ்சாம் நம்பர் வண்டிக்கு எண்ணெய் ஒழுகுது, சொல்லிடு," என்றார். இருபதடி தள்ளி நின்ற வண்டி அது. சிமெண்டுத் தரையில் கைக்குட்டை அளவு கறை. நான் கவனிக்கவே இல்லை.

இந்த மனிதரிடம் அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் நிற்கும்போதே எஞ்சின் ஓடத் தொடங்கியது. ஏறி ஒற்றை சீட்டில் உட்கார்ந்தேன்.

முதல் மூன்று நிறுத்தங்கள் தெருவிளக்குக்குக் கீழே. ஆட்கள் ஏறினார்கள். "ரேடியோ எங்கே டிரைவர்?" என்று ஒருவர் கேட்டார். "ஸ்டேஷன் மாத்தியாச்சு," என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது நிறுத்தத்தைத் தாண்டியதும் விளக்குகள் முடிந்தன. இரு பக்கமும் காலி மனைகள். பஸ்ஸின் முன்விளக்கு விழுந்த இடம் மட்டும் சாலை.

"பேசு மாப்ளே."

"என்ன பேசறது?"

"உங்கக்கா இங்க வந்ததும் ஆரம்பிச்சுடுவா."

நான் வாயைத் திறக்கவில்லை. நான் பேசாவிட்டால் அவர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நான் எதுவும் சொல்லாமலே முடிந்துவிடும்.

வேகம் குறைந்தது. மாட்டு வண்டி போல் ஊர்ந்தோம். அவர் ஸ்டியரிங்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். நெற்றி கண்ணாடியைத் தொட்டுவிடும்போல் இருந்தது.

"இறங்கித் தள்ளணுமா டிரைவர்?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். "லேட்டானா அரை நாள் வெட்டுவான்."

அத்தான் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முப்பது. நாற்பது. வெள்ளைக் கோடு எங்களுக்குக் கீழே வளைந்து இடது பக்கம் போய்விட்டது. ஸ்டியரிங் திரும்பவில்லை.

"நிறுத்துங்க அத்தான்."

அவர் பிரேக்கை அழுத்தி மிதித்தார். பஸ் குலுங்கி நின்றது. யாருடைய சாப்பாட்டு டப்பாவோ உருண்டு என் காலடிக்கு வந்தது.

"எங்கே?" என்றார் மெதுவாக. "முன்னாடியா, பக்கத்திலயா?"

"எதுவும் இல்ல அத்தான். வண்டியை நிறுத்துங்கன்னுதான் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். அந்த இருட்டில் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது.

"என்னாச்சு டிரைவர்?"

விழித்தவர்கள் எழுந்து நின்றார்கள். சிலர் முன்னால் வந்தார்கள்.

"நாய்," என்றார் அத்தான். "குறுக்க வந்துடுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நாய்தானே மாப்ளே?"

அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாப்பாட்டு டப்பாவை எடுக்க வந்த பெண் குனிந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரே வார்த்தை போதும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் கைகள் காத்திருந்தன.

"ஆமா," என்றேன்.

"போயிடுச்சா?"

அது பின்னாலிருந்தவர்களுக்காகக் கேட்ட கேள்வி இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"போயிடுச்சு."

அந்தப் பெண் டப்பாவைத் துடைத்துக்கொண்டு இடத்துக்குத் திரும்பினாள். சீட்டுகள் முனகின. ஒருவர் துண்டால் தலையைப் போர்த்திக்கொண்டார்.

"போலாமா?" என்றார் அத்தான்.

"போலாம்," என்றேன். "கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். இப்ப நேரா."